கைப்பேசியை எங்கே வைப்பது? பட்டிங் பற்றி வாசகர் கேள்வி பதில்

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டி அடிப்பது பட்டிங், ஒவ்வோர் அடியும் ஒரு பட், அதற்கான மட்டை பட்டர். பந்தைத் தொடும் அதன் முன்பக்கம்தான் முகம்; வலக்கைக்காரருக்கு அது குறிக்கு வலப்பக்கம் பார்த்தால் திறந்தது, இடப்பக்கம் பார்த்தால் மூடியது. இதை அளந்து சொல்லும் பட்டிங் செயலிகள் பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில். "எந்தச் செயலி நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டு மறுபடி எழுதலாம். பாதிப் பேருக்குச் செயலியை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது.

வீட்டில் ஒரே மாதிரிதான் அடிக்கிறேன். ஒருநாள் பட்டர் முகம் 2 டிகிரி திறந்திருக்கிறது என்கிறது செயலி. மறுநாள் 3 டிகிரி மூடியிருக்கிறது என்கிறது. என் கை சரியில்லையா, செயலி சரியில்லையா?
(செந்தூல் வாசகர்)

கையையும் செயலியையும் குறை சொல்லும் முன் கைப்பேசி எங்கே இருந்தது என்று பாருங்கள். நேற்று நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பீர்கள், இன்று ஷூ பெட்டியின் மேல். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலே நேரான முகமும் கோணலாகத்தான் தெரியும்.

பட்டர் முகத்தை அளக்க மேலிருந்து எடுத்த படம் வேண்டும். பின்னாலிருந்து எடுப்பது உங்கள் கண்கள் பந்துக்கு நேர் மேலே இருக்கின்றனவா என்று பார்க்க உதவும். எதிரிலிருந்து எடுப்பது டெம்போவுக்கும் (பட்டர் பின்னால் போய் முன்னால் வரும் தாளம்) பந்து வைக்கும் இடத்துக்கும். மேலிருந்து எடுக்கும்போது உங்கள் தலை மறைக்கும் என்பதால் கேமரா தலைக்குக் கீழே இருக்க வேண்டும். பந்திலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரம் போதும். கிடையாக நீளும் கை உள்ள கேமரா முக்காலி இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை இருக்கிறதே. கைப்பேசியின் கேமராப் பக்கம் எட்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விளிம்பில் வைத்து, மறுமுனையில் இரண்டு கிலோ அரிசிப் பையை ஏற்றுங்கள். பந்து கேமராவுக்கு நேர் கீழே, நீங்கள் மேசையைப் பார்த்தபடி. மேசை உயரத்திலிருந்தே ஒரு மீட்டர் அகலம் படத்தில் விழும். 0.5 லென்ஸ் வேண்டாம், அது ஓரங்களை வளைக்கும், 1 போதும். கட்டக் கோடுகளை இயக்கி, பந்து படத்தின் நட்டநடுவில் இருக்கும்படி பாருங்கள். பட்டரின் மேல்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நடுவிலிருந்து விலகிவிட்டால் அந்த உயர வித்தியாசமே தவறான அளவைக் காட்டிவிடும்.

அடுத்தது வேகம். மூன்று மீட்டர் பட்டுக்குப் பட்டர் தலை வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் வேகத்தில் வருகிறது. வினாடிக்கு 30 ஃபிரேம் (படம்) எடுக்கும் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது நான்கு செ.மீ. நகர்ந்துவிடும்; 240 ஃபிரேமில் அரை செ.மீ.தான். ஆகவே ஸ்லோமோஷன் கட்டாயம். ஆனால் இரவு ஹாலில் எடுக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண எல்.இ.டி. விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு ஸ்லோமோஷனில் பளிச் பளிச்சென்று விழ, செயலி பட்டரைத் தவறவிட்டுவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கார் போர்ச்சில் கிடைக்கும் வெளிச்சம்தான் சிறந்தது. பட்டர் தலையின் இரு ஓரத்திலும் மஞ்சள் ஸ்டிக்கர் பொட்டு ஒவ்வொன்று ஒட்டினால் செயலி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போட்டிக்குப் போகும் முன் உரித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு ஒரு சோதனை. பள்ளிக்கூட மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைத் தரைக்கல் இடுக்கோடு ஒட்டி வையுங்கள். மறுபக்கத்தோடு பட்டர் முகத்தை ஒட்டுங்கள். இப்போது முகம் நிஜமாகவே நேர். படமெடுத்துச் செயலியின் கோடு வரையும் வசதியால் அளந்து பாருங்கள். 1.5 டிகிரி என்று காட்டினால் அது கேமராவின் கோணல். அரை டிகிரிக்குள் வரும்வரை கைப்பேசியைச் சரிசெய்துவிட்டு, அது இருந்த இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அங்கேயே வைக்க வேண்டும்.

கைப்பேசியைப் பட்டரிலேயே மாட்டி அளக்கும் செயலிகள் உண்டாமே? கேமரா தொல்லையே இல்லையே?
(பாயான் லெப்பாஸ் வாசகர்)

உண்டு. 2011-இல் பிங் நிறுவனம் ஐபிங் என்ற செயலியை வெளியிட்டது. ஐபோனைப் பட்டரின் தண்டில் (ஷாஃப்ட்) மாட்ட ஒரு தொட்டில்; ஐந்து பட் அடித்தால் உங்கள் ஸ்ட்ரோக், அதாவது பட்டர் போய் வரும் வீச்சு, நேரா, லேசான வளைவா, அதிக வளைவா என்று வகை பிரித்துச் சொன்னது. கைப்பேசிக்குள் இருக்கும், சுழற்சியை அளக்கும் ஜைரோ உணரிதான் அதற்கு ஆதாரம். கிரிப்பின் (கைப்பிடி) மேல்நுனியில் செருகும் சிறிய உணரிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

கைப்பேசியை மாட்டுவதில் சங்கடம் எடைதான். பட்டர் முழுவதுமே சுமார் அரைக் கிலோ. அதில் இன்றைய கைப்பேசி 200 கிராமை ஏற்றினால் கைக்கு அது வேறு பட்டர். வாங்குவதானால் கிரிப் நுனி உணரியை வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குழி எந்தப் பக்கம் என்று ஜைரோவுக்குத் தெரியாது. பந்துக்குப் பின்னால் பட்டரை வைத்து அசையாமல் நிற்கிறீர்களே, அந்த நிலையைத்தான் அது பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. குழிக்கு 2 டிகிரி வலப்பக்கம் குறி வைத்து, அதே நிலைக்குத் திரும்பி வந்து அடித்தால் "0 டிகிரி, பிரமாதம்" என்று பாராட்டும். பந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பந்துக்கு மேல் பத்து செ.மீ. உயரத்தில் இரண்டு குச்சிகளுக்கு இடையே குழியை நோக்கி வெள்ளை நூல் கட்டி, பட்டர் முகம் அதற்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கு முன்னும் முழுதாக இரண்டு வினாடி அசையாமல் நில்லுங்கள். ஆட்டிக்கொண்டே தொடங்கினால் உணரி எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாமல் திணறும்.

அடித்து முடித்ததும் பத்துப் பன்னிரண்டு எண்கள் வருகின்றன. எதை முதலில் திருத்துவது?
(செராஸ் வாசகி)

பந்தைத் தொடும் நொடியில் முகத்தின் கோணம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு முகத்தின் கையில் இருக்கிறது. பட்டர் வந்த பாதைக்கு மிச்சம் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ., அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு 5.4 செ.மீ. முகம் 1 டிகிரி கோணினால் மூன்று மீட்டரில் பந்து ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக விலகும். குழியின் ஓரத்தில் ஊசலாடும். பாதை 3 டிகிரி கோணி, முகம் நேராக இருந்தால் விலகல் இரண்டரை செ.மீ. அளவுதான், பந்து உள்ளே விழும். பாதையை நேராக்குகிறேன் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருத்துவதற்குச் செயலியைவிட ஒரு வாசல் நன்றாக உதவும். பந்துக்கு அரை மீட்டர் முன்னால், முந்தைய பதிலில் சொன்ன நூலுக்கு இருபுறமும் சமமாக, 6 செ.மீ. இடைவெளியில் கேரம் காய்களை மும்மூன்றாக அடுக்குங்கள். மூன்று அடுக்கினால்தான் பந்தின் நடுப்பகுதி உயரம் வரும். பந்தின் அகலம் 42.67 மி.மீ.; ஆக இருபுறமும் ஒன்பது மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடமே மீதி. காய் அசையாமல் பந்து தாண்டினால் கிளம்பிய திசை 1 டிகிரிக்குள் என்று அர்த்தம். இருபதுக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். இடது அடுக்கே எப்போதும் சாய்கிறது என்றால், வலக்கைக்காரருக்கு முகம் மூடுகிறது. அப்போது செயலியைத் திறந்து, பந்தைத் தொடும் முன் உள்ள கடைசிப் ஃபிரேமைப் பாருங்கள். வலது மணிக்கட்டு முந்திக்கொண்டு தள்ளுகிறதா, அல்லது பந்தை இடது காலுக்கு மிக அருகில் வைத்திருக்கிறீர்களா என்று அங்கே தெரிந்துவிடும். தொடும் கணத்தையே பார்க்கலாம் என்று தேடாதீர்கள். பந்தும் பட்டரும் ஒட்டியிருப்பது அரை மில்லிவினாடிதான். 240 ஃபிரேமில்கூட ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நான்கு மில்லிவினாடி இடைவெளி.

நான் இடக்கைக்காரன். செயலி சொல்வதற்கு நேர்மாறாகவே பந்து போகிறது.
(ஜெலுத்தோங் வாசகர்)

அமைப்பில் இடக்கை என்று மாற்றவில்லை. மாற்றாதவரை திறந்தது மூடியதாகவும் மூடியது திறந்ததாகவும்தான் வரும்.

டெம்போ 1.4 என்று வருகிறது, 2 இருக்க வேண்டும் என்கிறது செயலி. மெதுவாகத்தானே அடிக்கிறேன்?
(பட்டர்வொர்த் வாசகர்)

பட்டர்வொர்த்திலிருந்து பட்டர் கேள்வி! அந்த எண் மெதுவா வேகமா என்று சொல்வதில்லை. பின்னுக்கு எடுக்கும் நேரத்தைப் பந்தைத் தொடும்வரை முன்னுக்கு வரும் நேரத்தால் வகுத்தது அது. நன்றாகப் பட் அடிப்பவர்களுக்குப் பின்னால் போக 0.6 வினாடி, முன்னால் வர 0.3 என்ற அளவில் இருக்கும், அதுதான் 2. உங்களுக்கு 0.55, 0.39 என்று வந்திருக்கலாம். பின்னுக்கு எடுத்தது சரி, வரும் வழியில் பிரேக் போடுகிறீர்கள். பெரிதாக எடுத்துவிட்டு, பந்து ஓடிவிடுமோ என்று பயந்து அடக்கும்போது இப்படித்தான் வரும். பட்டர் பின்னால் போன தூரத்தைவிடப் பந்துக்கு அப்பால் போன தூரம் குறைவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செயலி எண்ணியது சரியா என்று கையால் ஒருமுறை சரிபாருங்கள். 240 ஃபிரேம் வீடியோவில் பட்டர் நகரத் தொடங்கியதிலிருந்து திரும்பும் இடம்வரை 144 படம், அங்கிருந்து பந்துவரை 72 படம் என்றால் 0.6, 0.3. தொடங்கும் முன் கையைக் குழிப்பக்கம் லேசாகத் தள்ளும் பழக்கம் இருந்தால் பல செயலிகள் அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளும்.

மருந்து மெட்ரோனோம், சீராகத் தட்டும் தாளக் கருவி. நிமிடத்துக்கு 70 தட்டு வையுங்கள். ஒரு தட்டில் பட்டரை எடுங்கள், அடுத்த தட்டில் பந்து. இடையில் 0.86 வினாடி. ஒரு மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் தட்டு அதேதான். நீள்வது பட்டர் போகும் தூரம் மட்டும். 70 இழுவையாகத் தோன்றினால் 75-க்குப் போகலாம்.

கிளப் மாதப் போட்டியில் இரண்டு குழிக்கு நடுவே செயலியைப் பார்த்துக்கொள்ளலாமா?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

கூடாது. கோல்ஃப் விதி 4.3 அதற்குத்தான் இருக்கிறது. சுற்று நடக்கும்போது உங்கள் ஸ்ட்ரோக்கின் வீடியோவைப் பார்த்து உதவி பெறுவதும், டெம்போவுக்காகக் காதில் மெட்ரோனோம் கேட்பதும் விதிமீறல். முதல் தடவை, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம், குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் மேட்ச் பிளேயில் அந்தக் குழி எதிராளிக்குப் போகும்; இரண்டாம் தடவை ஆட்டத்திலிருந்தே நீக்கம். கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) சரிவை அளக்கும் கருவிக்கும் இதே கதிதான். எம். இராமையாவும் வி. நெல்லனும் மலேசிய கோல்ஃபில் பெயர் எடுத்த நாட்களில் கையில் இருந்தது பட்டரும் பந்தும்தான். போட்டி நாளில் உங்கள் கையிலும் அவ்வளவுதான்.

வீட்டுக் கம்பளத்தில் செயலி 90-க்கு மேல் மதிப்பெண் தருகிறது. கிரீனில் எல்லாப் பந்தும் குறைவாக நின்றுவிடுகிறது. ஏன்?
(ஆயர் ஈத்தாம் வாசகர்)

செயலி திசையையும் நேரத்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறது. தரையின் வேகம் அதன் கணக்கில் இல்லை. உங்கள் கம்பளம் கிரீனைவிட வேகம், அவ்வளவுதான்.

கிரீன் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் ஒரு சாய்தளம் செய்தார். இன்றைய ஸ்டிம்ப்மீட்டர் அதன் வழி வந்ததுதான். நீங்களும் ஒன்று செய்துகொள்ளலாம். வன்பொருள் கடையில் மின்கம்பி ஓட்டும் பிளாஸ்டிக் டிரங்கிங் கிடைக்கும். பந்து ஆடாமல் ஓடும் அகலத்தில் 40 செ.மீ. துண்டு போதும். ஒரு முனையைப் பத்து செ.மீ. உயரமுள்ள கட்டையில் ஏற்றி, மேல்முனையிலிருந்து பந்தைத் தள்ளாமல் விடுங்கள். எதிரெதிர்த் திசைகளில் மும்மூன்று தடவை உருட்டிச் சராசரி எடுங்கள். வீட்டில் ஒருமுறை, கிளப்பின் பயிற்சி கிரீனில் ஒருமுறை.

கம்பளத்தில் 1.8 மீட்டர், கிரீனில் 1.25 மீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பந்தின் வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதால், 1.8-ஐ 1.25-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 1.2. டெம்போ மாறாமல் பின்னெடுப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். வீட்டில் 20 செ.மீ. எடுத்த பட்டுக்குக் கிரீனில் 24 செ.மீ.

இந்தக் கணக்கு காலையில் ஒன்று, மாலை மழைக்குப் பிறகு வேறொன்று. நனைந்த கிரீன் பந்தைப் பிடித்து நிறுத்தும், அன்றைக்கு மறுபடி உருட்டிப் பாருங்கள். நம் ஊர் கிரீன்களில் உள்ள பெர்முடா, பாஸ்பாலம் புற்களுக்குச் சாய்வும் உண்டு. குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளத்தால் அது உங்களைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து நிற்கும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து பழுத்திருக்கும். புல் சாய்ந்திருப்பது அந்தப் பக்கம்.