தீர்வையில்லா மது: சிங்கப்பூர் திரும்புவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

விடுமுறை முடிந்து திரும்பும் வாசகர்களிடமிருந்து, பயணப் பையில் வரும் மதுப் புட்டிகளைப் பற்றிய கேள்விகள் இம்முறை அதிகம் வந்துள்ளன. பெரும்பாலானவற்றில் ஒரே தவறான எண்ணம் தென்படுகிறது. வெளிநாட்டு விமான நிலையக் கடையில் தள்ளுபடி ஆவது, அந்த நாடு விதிக்கும் வரி மட்டுமே. சிங்கப்பூருக்குள் நுழையும்போது இங்குள்ள தீர்வையிலிருந்து விலக்கு உண்டா என்பதைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் விதிகளே முடிவு செய்யும்.

சென்னையில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். ஆளுக்கு 2 லிட்டர் என்கிறார்களே, 1 லிட்டர் விஸ்கி இரண்டு புட்டி கொண்டுவரலாமா? – ஈசூன் வாசகர்

கொண்டுவரலாம். ஆனால் இரண்டாவது புட்டிக்குத் தீர்வை கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் 1 வரை 3 லிட்டராக இருந்த சலுகை அன்று முதல் 2 லிட்டராகக் குறைக்கப்பட்டது. அந்த 2 லிட்டரையும் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ள முடியாது. விஸ்கி, பிராந்தி, ரம் போன்ற கடும் மதுவில் 1 லிட்டரும் அதனுடன் ஒயின் அல்லது பீர் 1 லிட்டரும் கொண்டுவரலாம். கடும் மது வேண்டாதவர்கள் ஒயினும் பீரும் தலா 1 லிட்டர், அல்லது ஒயின் மட்டும் 2 லிட்டர், அல்லது பீர் மட்டும் 2 லிட்டர் கொண்டுவரலாம். எந்தச் சேர்க்கையிலும் கடும் மது 1 லிட்டரைத் தாண்டாது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. இந்தியாவுக்குள் நுழையும் பயணிக்கும் 2 லிட்டர்தான் சலுகை, ஆனால் அங்கே இந்த வகைப் பிரிவு கிடையாது. சாங்கியில் வாங்கிய இரண்டு விஸ்கிப் புட்டிகளோடு சென்னையில் தடையின்றி வெளியே சென்றவர், அதே கணக்கைத் திரும்பும்போதும் போட்டுவிடுகிறார்.

இரண்டாவது புட்டிக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். புட்டியில் உள்ள தூய ஆல்கஹாலின் அளவுக்கே தீர்வை கணக்கிடப்படுகிறது. கடும் மதுவுக்கும் ஒயினுக்கும் அது லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 1 லிட்டர் விஸ்கியில் தூய ஆல்கஹால் 0.4 லிட்டர், ஆகவே தீர்வை 35 வெள்ளி 20 காசு. புட்டியை 60 வெள்ளிக்கு வாங்கியிருந்தால், விலையும் தீர்வையும் சேர்ந்த 95 வெள்ளி 20 காசுக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரியாக 8 வெள்ளி 57 காசு சேரும். மொத்தம் 43 வெள்ளி 77 காசு. அதைக் கட்டிய பிறகும் அந்தப் புட்டி மலிவுதானா என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

லங்காவி தீர்வையில்லாத் தீவு ஆயிற்றே, அங்கே வாங்கிய ஒரே ஒரு புட்டிக்கு ஏன் தீர்வை கேட்டார்கள்? – செங்காங் வாசகர்

நீங்கள் மலேசியாவிலிருந்து வந்ததுதான் காரணம். மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுச் சலுகை அறவே கிடையாது. எத்தனை நாள் தங்கினீர்கள், உட்லண்ட்ஸ் வழியாக வந்தீர்களா, விமானத்தில் சாங்கிக்கு வந்தீர்களா என்பவை இதை மாற்றுவதில்லை. லங்காவியும் தியோமானும் தீர்வையில்லாத் தீவுகள் என்பது மலேசிய வரியைப் பொறுத்த செய்தி மட்டுமே. பேருந்தில் தாய்லாந்தின் ஹட்யாய் வரை போய் ஒரு வாரம் கழித்து அதே சாலையில் திரும்புகிறவரும் கடைசியில் ஜோகூரிலிருந்துதான் சிங்கப்பூருக்குள் நுழைகிறார். அவருக்கும் சலுகை இல்லை.

ஜோகூர் பாருவில் பீர் வாங்கி வருவதைப் பற்றி வேறு இருவர் கேட்டிருந்தார்கள். பீருக்கான தீர்வை இரு பகுதிகளாக விதிக்கப்படுகிறது: தூய ஆல்கஹால் லிட்டருக்குச் சுங்கத் தீர்வை 16 வெள்ளி, கலால் தீர்வை 60 வெள்ளி. 330 மில்லிலிட்டர் டின் 24 கொண்ட ஒரு பெட்டியில் 7.92 லிட்டர் பீர் இருக்கிறது. 5 விழுக்காடு என்றால் தூய ஆல்கஹால் 0.396 லிட்டர். தீர்வை ஏறத்தாழ 30 வெள்ளி 10 காசு, அதற்கு மேல் பொருள், சேவை வரி. பாலம் தாண்டிப் போய்ப் பெட்டி சுமந்து வருவதில் மிச்சமாவது எவ்வளவு என்று அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

சனிக்கிழமை காலை படகில் பாத்தாம் போய் ஞாயிறு மாலை திரும்பினால்? – புக்கிட் பாத்தோக் வாசகர்

சலுகை கிடைக்காது. திரும்புவதற்குச் சற்று முன்புவரை தொடர்ச்சியாக 48 மணி நேரமாவது நீங்கள் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பயணத்தில் கொண்டுவரும் ஒரு புட்டியையும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும்.

மனைவி மது அருந்துவதில்லை, மகனுக்கு 17 வயது. மூவர் கணக்கில் கொண்டுவரலாம் அல்லவா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

மகனின் கணக்கில் முடியாது. 18 வயது நிறைந்தவர்களுக்கே சலுகை. மனைவியின் கணக்கிலும் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். சலுகை அவரவர் சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பது விதியிலேயே இருக்கிறது. மது அருந்தாதவர் பெயரில் வரும் புட்டி யாருக்கு என்று அதிகாரி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் மனைவி. அந்தச் சங்கடத்தில் அவரை நிறுத்துவது நியாயமில்லை.

இதே விதியை இன்னோர் இடத்திலும் நினைவில் வைத்திருங்கள். சாங்கியின் வருகைக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, பணத்தைத் தான் தருவதாகவும் உங்கள் கடப்பிதழைக் காட்டித் தனக்காக இரண்டு புட்டி வாங்கித் தரும்படியும் கேட்டால், வயதானவர் என்றோ நம் ஊர்க்காரர் என்றோ இரக்கப்படாமல் மறுத்துவிடுங்கள். சலுகையைப் பிறருக்காகப் பயன்படுத்துவது குற்றம். அதில் மாட்டிக்கொள்பவர் பணம் கொடுத்தவர் மட்டுமல்லர்.

பாரிஸில் வாங்கிய கொன்யாக் புட்டியை, விமானம் மாறிய இடத்தில் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். கடையில் ஒழுங்காக உறையிலிட்டுத்தான் கொடுத்தார்கள். – தெம்பனிஸ் வாசகர்

உறையை வழியில் பிரித்தீர்களா என்பதே முதல் கேள்வி. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்துக்கு இடமில்லை. முத்திரையிட்ட ஒளிபுகும் உறையில், ரசீது வெளியே தெரியும்படி இருக்கும் தீர்வையில்லாப் பொருளுக்கு மட்டுமே அதில் விலக்கு. உறையின் ஓரம் கிழிந்திருந்தாலும் விலக்கு போய்விடும். ஒருவேளை அதைப் பிரித்துவிட்டால், அடுத்த விமானத்துக்குப் பையை மறுபடி பதிவு செய்யும் வாய்ப்பு இருந்தால், புட்டியைத் துணிக்கு நடுவே வைத்துச் சரக்கறைக்கு அனுப்பிவிடுங்கள். அப்போதும் இரண்டு வரம்புகள் உண்டு: 70 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது விமானத்தில் எங்கும் ஏற்றப்படாது, 24 முதல் 70 விழுக்காடு வரை உள்ளது, திறக்கப்படாத கடைப் புட்டியில், ஆளுக்கு 5 லிட்டருக்குள் இருக்க வேண்டும்.

விமானம் மாறி வருகிறவர்களுக்குச் சாங்கியில் இறங்கிய பிறகு வருகைக் கூடத்துக் கடையில் வாங்குவதே தொல்லையற்ற வழி. அங்கே வாங்குவதும் அதே 2 லிட்டர் சலுகைக்குள்தான் அடங்கும்.

கூடுதலாக ஒரு புட்டி இருந்தால் எங்கே, எப்படிச் சொல்வது? சொல்லாமல் போனால் என்ன ஆகும்? – பாசிர் ரிஸ் வாசகர்

ஊரிலிருந்து கிளம்புமுன்பே சுங்கத்துறையின் கஸ்டம்ஸ்@எஸ்ஜி இணையச் சேவையில் விவரம் பதிந்து தீர்வையைக் கட்டிவிடலாம். இல்லையெனில் பைகளை எடுத்துக்கொண்டு அறிவிக்கப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புத் தடத்துக்கு நேராகச் சென்று, ரசீதைக் காட்டிக் கட்டலாம். கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 750 மில்லிலிட்டர் ஒயின் மூன்று புட்டி கொண்டுவருகிறவருக்குச் சலுகையைத் தாண்டுவது 250 மில்லிலிட்டர்தான். 13 விழுக்காடு ஒயினானால் அதற்குத் தீர்வை 2 வெள்ளி 86 காசு. அந்தச் சிறு தொகைக்காக, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சைத் தடத்தில் நடந்து பிடிபட்டால், ஏய்த்த தீர்வை, வரி ஆகியவற்றைப் போல் 20 மடங்கு வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தடத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் உங்கள் மனத்தில் ஐயம் இருந்தால், சிவப்புத் தடத்தில் நிற்கும் அதிகாரியிடமே கேளுங்கள். அங்கே கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.