தேசிய எறிபந்துச் சம்மேளனம் என்றால் என்ன? கிளப் போட்டிகளுக்கு அது எதற்கு?

எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் எறிபந்து (ஹேண்ட்பால்) என்றால் பிள்ளைகள் முழிப்பார்கள். மலாயில் 'போலா பாலிங்' என்றால் உடனே புரியும். ஒரு நாட்டில் அந்த ஆட்டத்துக்குப் பொறுப்பான அமைப்புதான் தேசியச் சம்மேளனம். ஆட்டக்காரர் பதிவு, நடுவர் பயிற்சி, தேசியக் குழுத் தேர்வு எல்லாம் அதன் வேலை.

எதற்கு இது? திடலில் கோல் கம்பத்தடியில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் சுண்ணாம்புத் தூளால் 6 மீட்டர் வளைவு போடுவார்; அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். கயிறு ஒரு மீட்டர் குறைந்தால் கோல்கீப்பர் பாடு திண்டாட்டம்! கிளப்புக்கொரு கயிறு என்றால் யார் சாம்பியன் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் 1946இல் தோன்றிய அனைத்துலகச் சம்மேளனம், நாட்டுக்கு ஒரே அமைப்பை உறுப்பினராக ஏற்கிறது.

கோயில் திருவிழா மாதிரிதான். உபயம் குடும்பத்துடையது; சமையலும் செலவும் அவர்கள் பாடு. எந்த நாள் யாருக்கு என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். கிளப்புகள் உபயக்காரர்கள், சம்மேளனம் நிர்வாகம். சரி, எல்லா நாட்டிலும் லீக்கைச் சம்மேளனமே நடத்துவதில்லை. ஜெர்மனியில் ஆண்கள் பண்டஸ்லீகா என்ற முதல்நிலை லீக்கைக் கிளப்புகளின் சொந்த அமைப்பு நடத்துகிறது. தேசியக் குழு சம்மேளனத்திடம் இருக்கிறது.

கிளப் போட்டியில் வென்ற குழுதான் நாட்டுக்காக ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தேசியக் குழுவுக்குப் பல கிளப்புகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள்.