நாத்திகம் எழுதியதற்காகவா ஷெல்லியைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள்?

ஆமாம் என்றுதான் பலரும் சொல்வார்கள், ஆனால் ஏட்டில் உள்ள காரணம் வேறு. 1811 மார்ச் 25 அன்று ஆக்ஸ்போர்டின் யுனிவர்சிட்டி கல்லூரி, கவிஞர் ஷெல்லியையும் அவருடைய நண்பர் ஹாக்கையும் வெளியே அனுப்பியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள், 'நாத்திகத்தின் அவசியம்' என்ற துண்டு நூல் தங்களுடையது இல்லை என்று சொல்லவும் மறுத்தார்கள் என்பதுதான் பதிவான குற்றம். ஷெல்லிக்கு அப்போது வயது 18.

நூலில் அப்படி என்ன இருந்தது? வசை ஒன்றும் இல்லை. நம்பிக்கை என்பது நாம் நினைத்து வரவழைப்பது அல்ல, ஆதாரம் போதாவிட்டால் மனம் ஏற்காது, அதற்குப் போய்த் தண்டனையா என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஆசிரியர் பெயரும் போடவில்லை. அதோடு விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார், பையன் சும்மா இருக்கவில்லை: ஆயர்களுக்கும் கல்லூரித் தலைவர்களுக்கும் தபாலில் அனுப்பி வம்புக்கு இழுத்தார், ஊர்ப் புத்தகக் கடை ஜன்னலிலும் பரப்பி வைத்தார். அந்த வழியாக வந்த ஒரு பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர்களிடம் சொல்லி, இருந்த பிரதிகளை அங்கேயே எரிக்க வைத்தார்.

அப்புறம், அன்றைக்கு ஆக்ஸ்போர்டில் சேரவே இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், ஆசிரியர்களில் பெரும்பாலோர் பாதிரியார்கள். கடவுள் உண்டா என்று மாணவன் கேட்பதற்கே இடமில்லாத அமைப்பு (கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு). சேரும்போது போடும் கையெழுத்து 1854-ல் போனது, பெரும்பாலான பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் இருந்த மதச் சோதனை 1871-ல்தான் சட்டப்படி நீங்கியது.