நீக்கவும் முடியவில்லை, நிறுவவும் முடியவில்லை

கேள்வி: ஐயா, தலவாக்கலையில் சிறியதொரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். கடைக் கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்ற இயங்குதளம். சென்ற மழைக்காலத்தில் புதிய பிரிண்டருக்கான மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த மென்பொருள் பொதியை நீக்க முயன்றாலும், அதன்மேல் மறுபடி நிறுவ முயன்றாலும், நீக்கலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட் பிழை நிலை 1 உடன் முடிந்தது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்து வேலை நின்றுவிடுகிறது. தெரிந்த தம்பி ஒருவர், உபுண்டுவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். ஆசிரியர்கள் தந்த தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அத்தனையும் இதில்தான் இருக்கின்றன. வேறு வழி உண்டா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: உண்டு, சகோதரி. ஒரு பொதிக்காக முழு இயங்குதளத்தையும் அழிக்க வேண்டியதில்லை. மூன்று கிகாபைட்டுக்கும் மேற்பட்ட உபுண்டு நிறுவல் கோப்பை டேட்டா செலவழித்து இறக்கவும் தேவையில்லை. ஆயினும் வினாத்தாள்களை இன்றே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். மின்தடையால் பாதியில் நின்ற அமைப்பு வேலையை முடிக்கும்படி, உபுண்டுவில் பொதிகளை நிறுவவும் நீக்கவும் செய்யும் நிரலான டிபிகேஜியிடம் கேட்பது இது. சில வேளை இதிலேயே சிக்கல் தீர்ந்து, பொதி வழக்கம்போல் நீங்கிவிடும்.

தீராவிட்டால், நீங்கள் குறிப்பிட்ட பிழை வரிக்கு வருவோம். விடை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பொதியும் தன் கோப்புகளோடு சில சிறு ஸ்கிரிப்ட்களையும், அதாவது கட்டளைகள் எழுதிய கோப்புகளையும், கொண்டுவரலாம். அவற்றுள் 'பிரிஆர்எம்' என்பது, கோப்புகளை அழிப்பதற்கு முன் டிபிகேஜி ஓட்டுவது. அது 0 என்ற எண்ணோடு முடிந்தால் மட்டுமே நீக்கம் தொடரும், வேறு எண் வந்தால் எதையும் அழிக்காமல் டிபிகேஜி நின்றுவிடும். பிரிண்டர் மென்பொருள்களின் பிரிஆர்எம் பெரும்பாலும் செய்வது, பின்னணியில் ஓடும் சேவை ஒன்றை நிறுத்துவதே. உங்கள் கணினியில் அந்தச் சேவை பதிவாகும் முன்பே மின்சாரம் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாத சேவையை நிறுத்தச் சொன்னால் கட்டளை தோற்கும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -ஈ' என்ற வரி இருந்தால் அந்தத் தோல்வியோடு ஸ்கிரிப்ட் முழுவதுமே தோற்றதாகிவிடும். மறுபடி நிறுவும்போதும் பழைய பொதியின் பிரிஆர்எம்தான் முதலில் ஓடும். நிறுவலும் நீக்கலும் ஒரே இடத்தில் முட்டி நிற்பதற்குக் காரணம் இதுவே.

எனவே திருத்த வேண்டியது அந்தச் சிறு ஸ்கிரிப்டை மட்டுமே. '/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ' என்ற அடைவில், பொதியின் பெயரோடு ஒரு புள்ளியும் 'பிரிஆர்எம்' என்ற சொல்லும் சேர்ந்த பெயரில் அது இருக்கும். அதன் பிரதி ஒன்றை உங்கள் ஹோம் அடைவில் வைத்துவிட்டு, மூலக் கோப்பை 'சூடோ நானோ' மூலம் (நானோ என்பது டெர்மினலில் ஓடும் எழுத்துத் திருத்தி) திறந்து, அவசரப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். சேவையை நிறுத்தும் வரியைக் கண்டுகொண்டால், அந்த வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு செங்குத்துக் கோடுகளையும் 'ட்ரூ' என்ற சொல்லையும் சேர்த்துச் சேமியுங்கள். அந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் தொடர வேண்டும் என்பது அதன் பொருள். வரி பிடிபடவில்லையென்றால், கோப்பின் முதல் வரிக்கு அடுத்ததாக 'எக்சிட் 0' என்று எழுதலாம். ஆனால் அப்போது ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய மற்றத் துப்புரவு வேலைகளும் நடவாமற் போகும் என்பதால், இதை இரண்டாம் வழியாகவே சொல்கிறேன்.

பிறகு 'சூடோ ஆப்ட் பர்ஜ்' என்பதோடு பொதியின் பெயரைச் சேர்த்து இடுங்கள். இம்முறை நீக்கத்திற்குப் பிந்தைய ஸ்கிரிப்டான 'போஸ்ட்ஆர்எம்' தடுக்கிறது என்று வந்தால், அதற்கும் இதே வைத்தியம்தான். மாறாக, பொதி மிக மோசமான நிலையில் உள்ளது, நீக்குமுன் மீண்டும் நிறுவ வேண்டும் என்ற செய்தி வந்தால், டிபிகேஜியின் ரிமூவ் கட்டளையோடு '--ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் 'டிபிகேஜி --ஓடிட்' என்று கேளுங்கள். அது எதுவும் சொல்லாவிட்டால் குறையேதும் மிஞ்சவில்லை.

இன்ஃபோ அடைவில் அந்தப் பொதியின் பெயரில் உள்ள எல்லாவற்றையும் கையால் அழித்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அங்கே 'லிஸ்ட்' என்று முடியும் கோப்பில்தான் பொதி எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே வைத்தது என்ற கணக்கு இருக்கிறது. அது இல்லையென்றால், பொதிக்குக் கோப்புகளே இல்லை என்று டிபிகேஜி எடுத்துக்கொள்ளும்; பொதி நீங்கியதாகக் காட்டும், கோப்புகளோ கேட்பாரற்று வட்டில் கிடக்கும்.

அந்த மென்பொருளை மறுபடி நிறுவுவதற்கு முன், பிரிண்டரைச் சும்மா இணைத்து, செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். அண்மைக்காலப் பிரிண்டர்கள் பலவற்றை உபுண்டு 22.04 தனி மென்பொருள் இல்லாமலே அடையாளம் கண்டு அச்சிடும்.