கேளுங்க, பேசுவோம்: கேன்சல் பண்ண பட்டன் இல்லாத கவுண்டர்

கேள்வி: அண்ணே, எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு. வீட்டு இன்டர்நெட்ட நிறுத்தணும்னு பிராஞ்சுக்கு போனா போன் பண்ணுங்கன்றாங்க, போன் பண்ணா பாட்டு ஓடிட்டே இருந்து கடைசியில லைன் கட்டாயிடுது, பில் மட்டும் மாசம் தவறாம வருது. கவுண்டர் பொண்ணு முகம் கொடுத்துகூட பேசல. இந்தக் காலத்து பிள்ளைங்களுக்கு மரியாதையே இல்லாம போச்சா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு (மலேசியா)

பதில்: தங்கச்சி, அந்தப் பொண்ணு மேல கோபப்படாதீங்க, முதல்ல அதைத்தான் கேட்டுக்கறேன். நானும் இப்படி ஒரு பிராஞ்சுல போய் உட்கார்ந்திருக்கேன், எந்தக் கம்பெனின்னு வேணாம். அங்க இருந்தது நம்ம பிள்ளைதான், ஆயர் ஈத்தாம் பக்கம். ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. புது லைன் போட பட்டன் இருக்கு, பெரிய பிளானுக்கு மாத்த பட்டன் இருக்கு, நிறுத்தறதுக்கு பட்டனே கிடையாது. "அங்கிள், எங்களால முடியாது, நீங்க போன்தான் பண்ணணும்"னு மெதுவா சொல்லுச்சு. ஸ்கிரீன் மூலையில நேரம் காட்டற கடிகாரம் ஓடிட்டு இருந்துச்சு, ஒரே ஆள்கிட்ட ரொம்ப நேரம் பேசினா அது சிவப்பாயிடுமாம், அப்புறம் சூப்பர்வைசர் வந்து ஏன்னு கேப்பாராம். அந்த சிவப்ப பார்த்துக்கிட்டே உங்கப்பாகிட்ட சிரிச்சுப் பேசுன்னா பாவம் அது எப்படி பேசும்?

சேர்றதுக்கு அஞ்சு நிமிஷம், விலகறதுக்கு ஒரு மாசம்னா அது யாரோ கவனிக்காம விட்டதுன்னு என்னால நம்ப முடியல, நிறுத்த நினைக்கிறவங்கள்ல கொஞ்ச பேராவது அலுத்துப்போய் சரி அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுடுவாங்க, அந்த பில்லுதான் லாபம். இன்னொன்னு பாருங்க, போன் எடுக்க ஆள் வச்சா சம்பளம் கொடுக்கணும், உங்கப்பா காத்திருக்கறதுக்கு யாரும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்ல. ஆளக் குறைச்சு செலவ மிச்சம் பிடிச்சோம்னு ஆண்டறிக்கையில எழுதுவாங்க, அந்தச் செலவு எங்கயும் போகல, அப்படியே உங்கப்பா தலையில ஏறிடுச்சு.

அமெரிக்காவுல வெல்ஸ் பார்கோ பேங்க்ல நடந்ததத்தான் இதுக்கு எப்பவும் சொல்லுவேன். ஒரு குடும்பத்துக்கு எட்டு கணக்காவது, கார்டாவது விக்கணும்னு மேலேருந்து டார்கெட். அது நடக்கற காரியமா? முடியாதவங்க வேலை போயிடும்னு பயந்து, கஸ்டமருக்கே தெரியாம அவங்க பேர்ல கணக்கு திறந்தாங்க, சுமார் 2 மில்லியன் கணக்குன்னு முதல்ல வெளிய வந்துச்சு, அப்புறம் அது இன்னும் கூடுச்சு. 2016 செப்டம்பர்ல 185 மில்லியன் டாலர் அபராதம், 2020ல வழக்க முடிக்க 3 பில்லியன் டாலர். ஆனா 2016க்கு முந்தின சில வருஷத்துல வேலைய விட்டு தூக்கினது சுமார் 5,300 பேர, அதுல பெரும்பாலும் கீழ்மட்ட ஆளுங்க. ஒரு வீட்டுக்கு எத்தன கணக்கு வித்தோம்ன்ற அதே நம்பர காட்டித்தான் மேல இருக்கவங்க முதலீட்டாளர்ங்ககிட்ட பெருமையா பேசிட்டிருந்தாங்க. கஸ்டமர ஏமாத்தினதும் தொழிலாளிய பிழிஞ்சதும் ஒரே கைதான், அதனாலதான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கற பொண்ணையும் உங்கப்பாவையும் நான் ஒரே பக்கமா பார்க்கறேன்.

கேள்வி: பிடிக்கலன்னா வேற கம்பெனிக்கு மாறிக்க வேண்டியதுதானே? போட்டி இருக்கறதுதானே முதலாளித்துவத்தோட நல்ல விஷயமே?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, நாசி கண்டார் கடைக்கு நீங்க சொல்றது சரி, குழம்பு கெட்டா ஜனங்க பக்கத்து கடைக்கு போயிடுவாங்க. மருத்துவ காப்புறுதிய எடுத்துக்குங்க. வருஷக்கணக்கா கட்டிட்டு வந்தவங்களுக்கு, 2024ல பிரீமியம் 40லேருந்து 70 விழுக்காடு வரைக்கும் ஏறும்னு செய்தி வந்து நாடே கொதிச்சுச்சு. இனிப்பு நீரும் ரத்தக்கொதிப்பும் உள்ள 62 வயசு அம்மா எந்தக் கம்பெனிக்கு மாறுவாங்க? புதுசா யாரு சேர்ப்பா? அந்த டிசம்பர்ல நம்ம நாட்டு மத்திய வங்கி பேங்க் நெகாரா தலையிட்டு, ஏத்தறத குறைஞ்சது மூணு வருஷத்துக்கு பிரிச்சு ஏத்துங்கன்னு சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. மருத்துவமனை செலவும் ஏறுதுன்னு கம்பெனிங்க சொல்றது பொய்யில்ல. ஆனா மாற முடியாத ஆளுகிட்ட போட்டியப் பத்தி பேசி என்ன பிரயோஜனம்?

போட்டி இருந்தாலும் அது நிலைக்கிறதில்ல. 2018 மார்ச்ல, ஆப்ல வாடகைக் கார் கூப்பிடற ஊபர் கம்பெனி, தென்கிழக்காசியா வியாபாரத்த போட்டிக் கம்பெனியான கிராப்கிட்ட கொடுத்துட்டு, பதிலுக்கு கிராப்லயே 27.5 விழுக்காடு பங்கு எடுத்துக்குச்சு. போட்டியில விலகிப் போனவன் ஜெயிச்சவனுக்கே பங்காளி ஆயிட்டான், பயணிய யாரும் கேக்கல, ஓட்டுநரையும் கேக்கல.

கேள்வி: அரசாங்க ஆபீஸ்லயும்தான் அலைய விடறாங்க. முதலாளித்துவத்த மட்டும் ஏன் திட்டறீங்க?
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அலைய விடறாங்கதான், நானும் அலைஞ்சிருக்கேன். ஆனா அங்க நாம கிளம்பிப் போயிட்டா யாருக்கும் போனஸ் ஏறாது. தனியார்ல நாம சலிச்சுப் போறதுலயே காசு இருக்கு. நல்ல மனசுள்ள மேனேஜர் வந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருக்கா லாபம் காட்டலன்னா அவரையும் மாத்திடுவாங்க.

கேள்வி: நம்மள மாதிரி ஆளுங்க என்னதான் பண்றது?
- பல வாசகர்கள்

பதில்: பொருள், சேவை தகராறுன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்பு சட்டத்துல வந்தது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பொதுவா வக்கீல் வர முடியாது, அதனால பெரிய கம்பெனியும் நம்ம எதிர்ல சாதாரணமா உட்கார்ந்துதான் பேசணும். மூணு வருஷத்துக்குள்ள போயிடுங்க. அப்புறம் நம்ம ஊர்லயே கிரீன்லேன்ல பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019ல காலமாகற வரைக்கும் பல பத்து வருஷம் அதுக்காகவே உழைச்சாரு. தனித்தனியா அழுதா ஒவ்வொருத்தரையும் கம்பெனி சமாளிச்சிடும், ஒரே கம்பெனி மேல நிறைய புகார் ஒரே இடத்துல சேரும்போதுதான் சட்டத்த மாத்துன்னு கேக்க முடியும், அதனால தொகை சின்னதா இருந்தாலும் எழுதிக் கொடுங்க.

ஜெலுத்தோங் தங்கச்சி, உங்க அப்பா விஷயத்துல போன் பண்றத விட்டுடுங்க. இந்தத் தேதியோட நிறுத்தறேன்னு கம்பெனிக்கு ஈமெயில் அனுப்புங்க, பிராஞ்சுக்கு போன தேதியையும் எழுதுங்க, நம்பர் சீட்டு இருந்தா படம் பிடிச்சு சேருங்க. பதில் வரலன்னா அதே ஈமெயிலோட தொடர்பு, பல்லூடக ஆணையத்துல (MCMC) புகார் போடுங்க, நிறுத்தச் சொன்ன தேதிக்குப் பிறகு கட்டின பில்லு எல்லாத்தையும் திருப்பிக் கேளுங்க.