கொரிய நிறுவனத்துக்கு வியாபார விஷயமாகப் போகிறேன். வரவேற்பு எப்படி இருக்கும், நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

லேசாகத் தலைகுனிந்து வணங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்புறம் விசிட்டிங் கார்டு. இரண்டு கைகளாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மேசைமேல் வையுங்கள். பார்க்காமல் பாக்கெட்டில் போட்டால் மரியாதைக் குறைவு. கதவிலிருந்து தள்ளியுள்ள இருக்கைதான் கௌரவமானது. உட்காரச் சொல்லும்வரை காத்திருங்கள்.

மனம் விட்டுப் பழகுவது பெரும்பாலும் இரவு விருந்தில்தான். அங்கே மூத்தவர் சாப்பிடத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், அவருக்கு நீங்கள் ஊற்ற வேண்டும். மூத்தவர் முன்னால் மது குடிக்கும் இளையவர் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். எனக்கு மிகவும் பிடித்த பண்பு இது. குடிப்பழக்கம் இல்லையென்றால் தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அரசு அதிகாரியைச் சந்திப்பதானால் பரிசில் கவனம் தேவை. 2016-இல் அமலுக்கு வந்த சட்டம் அதன் மதிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது.