மகளின் ரீலுக்கு என்ன விலை சொல்வது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் அழகுப் பொருட்களைப் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் ரீல் போடுவதையும், லிப்ஸ்டிக் நிறுவனம் ஒன்று இப்போது அவரிடம் ரேட் கேட்டிருப்பதையும், இதையெல்லாம் விட்டுவிட்டு, அரசு வேலைக்கான பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) தேர்வுக்குப் படிக்கட்டும் என்று உங்கள் கணவர் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். படிப்பைக் கெடுக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதே என் கருத்து. ஆனால் விலை சொல்வதற்கு முன், தான் எதையெல்லாம் விற்கிறோம் என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைப்பையும் முகத்தையும் உரிமையையும் சேர்த்து ஒரே தொகைக்குக் கொடுத்துவிட நேரும்.

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தை முதலில் விட்டுவிடச் சொல்லுங்கள். கடைசியாகப் போட்ட பத்துப் பன்னிரண்டு ரீல்களில், எதிர்பாராமல் ஓடிய ஒன்றிரண்டை நீக்கிவிட்டு, மற்றவற்றின் சராசரிப் பார்வையை எடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பக்கமே காட்டுகிறது. எல்லைப் பகுதியில் இருப்பவருக்கு இது மிக முக்கியம்: பார்வையாளர்களில் பெரும்பகுதி பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருந்தால், கேரளத்தில் மட்டும் கடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதனால் பயன் குறைவு, இரு மாநிலத்திலும் விற்கும் நிறுவனத்துக்கோ இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசும் பெண் அரிதாகவே கிடைப்பார். தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை பேசிக் கொடுப்பது இரண்டு வேலை. அதை இலவச இணைப்பாகத் தரக் கூடாது.

அடுத்தது உழைப்பு. முப்பது விநாடி லிப்ஸ்டிக் ரீலுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை ஒரு நாள் நீங்களே பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். நிறம் உள்ளபடி தெரிய வேண்டுமானால் காலை வெயில் ஏறுவதற்குள் ஜன்னலோரத்தில் எடுத்தாக வேண்டும். ஒரு நிறத்தைப் பூசி, துடைத்து, உதட்டின் சிவப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்ததைப் பூச வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் இரைந்தால் குரலை மறுபடி பதிவு செய்ய வேண்டும். இந்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பி.காம் மாணவிக்கு அடக்கவிலைக் கணக்கைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். இந்த எண்கள் விளக்கத்துக்கானவை, சந்தை நிலவரம் அல்ல. பத்து மணி நேர வேலை, மணிக்கு 200 ரூபாய் வீதம் 2,000, இதர செலவு 500, சராசரி 20,000 பார்வைக்கு, ஆயிரத்துக்கு 150 வீதம் 3,000, ஆக 5,500. மலையாளக் குரலுக்கு 1,000, நிறுவனம் அந்த ரீலை ஒரு மாதம் தன் விளம்பரமாக ஓட்டிக்கொள்ள 2,000 என்று சேர்த்தால் 8,500 ஆகும். அவ்வளவு தர இயலாது என்று நிறுவனம் சொன்னால் வெறுமனே தொகையைக் குறைக்க வேண்டாம். மலையாளத்தையும் விளம்பர அனுமதியையும் எடுத்துவிட்டு 5,500 என்று சொல்லலாம். பொருளைக் குறைத்து விலையைக் குறைப்பவரிடம் அடுத்த முறை யாரும் வீணாகப் பேரம் பேசுவதில்லை.

அந்த விளம்பர அனுமதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் படத்துக்கு, வேறுவிதமான உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிறார். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் அதே சட்டம் கொள்கிறது. ஆகவே உரிமை தன்னிடமே இருக்கும், நிறுவனம் இத்தனை நாள் இன்ன தளத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கல்யாணமாகி வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கும் காலத்திலும் தன் முகம் யாரோ ஒருவரின் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருப்பதை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள்.

போட்டி நிறுவனத்தின் பொருளைச் சில மாதங்கள் தொடக் கூடாது என்று நிபந்தனை வைத்தால் அதற்கும் தனித் தொகை உண்டு, அதுவும் ஓணமோ தீபாவளியோ அந்த மாதங்களுக்குள் வந்தால் கூடுதலாகவே கேட்கலாம். பணத்துக்குப் பதிலாகப் பொருள் தருகிறோம் என்பதைத் தொடக்கத்தில் ஓரிரு முறை ஏற்கலாம். ஆனால் அதுவும் வருமானம்தான். ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனம் தரும் பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது.

விலையே பேசக் கூடாத பொருட்களும் உண்டு. மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல், முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அத்தகைய கிரீம்களில் இருந்த பாதரசமே காரணமாகச் சொல்லப்பட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. உற்பத்தியாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இவற்றில் ஒன்று இல்லாத டப்பா வந்தாலும், எத்தனை ஆயிரம் தந்தாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அவரை நம்பி வாங்கிப் பூசப்போவது அவர் வகுப்புத் தோழிகளும் உங்கள் தெருப் பெண்களும்தான். தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு செய்த ரீல் என்றால், விளம்பரம் என்பதைப் பேசும் மொழியிலேயே, கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டியது. இதை மறைக்கச் சொல்லும் நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை, கோவை நிறுவனத்துக்குக் கேரளத்திலிருந்து பில் போட்டாலும் பதிவு செய்யத் தேவையில்லை. சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை மட்டும் செய்து வைக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் வட்டி கேட்க அது வழி தரும். எப்படியானாலும் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

உங்கள் கணவரின் கவலையும் நியாயமானதே. மாதத்துக்கு இரண்டு விளம்பர ரீல், செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒன்றும் இல்லை என்று மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க நேரம் அதிலேயே கிடைத்துவிடும். இப்போது வந்திருக்கும் செய்திக்கு இன்றே தொகை சொல்ல வேண்டாம். எந்த மொழியில், எத்தனை ரீல், எத்தனை முறை திருத்தம், எத்தனை நாள் விளம்பரமாக ஓட்டுவீர்கள், பணம் எந்தத் தேதியில் வரும் என்று முதலில் நிறுவனத்திடம் கேட்டு எழுதும்படி மகளிடம் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், கணக்கை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.